தொண்ணூற்று நான்கு

முதல் தடவை நின்றபோது மணி பத்தரை.
சக் சுற்றுகிறது, மோட்டார் பாடுகிறது,
சேடில் மட்டும்
சிக்னலுக்கு வெளியே நிற்கும் பட்டாபிராம் லோக்கல் மாதிரி
காரணம் சொல்லாமல் நின்றது.
பிறகு ஏப்ரனுக்குள் ஒரு முனகல்.
பெல்ட் வழுக்கி ரப்பர் வாடை.

ஷாஃப்ட் முப்பது. முடிந்தது பதினொன்று.
எப்சிபா மேடத்தின் வாட்ஸப்பில் ஒரே வரி:
வண்டி காலை ஆறுக்கு.

லீவரை விடுவித்துக் கைச்சக்கரத்தைச் சுற்றினேன்.
போனது. சோற்றில் கல் கடிபட்டது போல்
ஒரு இடத்தில் மட்டும் லேசாக.
பொருட்படுத்தவில்லை.

பெட்டைத் துடைத்து எண்ணெய் விட்டேன்.
சேடில் லாக் போல்ட் தளர்வாகத்தான் இருந்தது.
கிப்பைக் கால் திருப்பு விட்டுப் பார்த்தேன்,
ஃபீட் ராடுக்கு டயல் வைத்தேன், முள் அசையவில்லை.
ஹாஃப் நட்டைச் சந்தேகப்பட்டு
அதனிடம் மன்னிப்பும் கேட்டாயிற்று.
ஒவ்வொரு தடவையும் ஃபீட் போட,
ஒவ்வொரு தடவையும் கொஞ்ச தூரம்,
மறுபடி மக்கர்.

துஷ்மந்த் அதுவரை ஒன்றும் பேசவில்லை.
நிற்கிற இடத்திலெல்லாம்
பெட்டின் ஓரத்தில் சாக்பீஸால்
கோடு கிழித்துக்கொண்டே வந்திருக்கிறான்.
நான் சொல்லவில்லை.
தூக்கம் வராமல் இருக்க என்றான்.

நான்கு கோடு.
ஸ்கேலை வைத்தேன்.
தொண்ணூற்று நான்கு. தொண்ணூற்று நான்கு.
கடைசியில் தொண்ணூற்று மூன்றரை,
அவன் கோடு அங்கே தடிமன்.

நினைத்த இடத்தில் நின்றால் அழுக்கு.
ஒரே இடத்தில் நின்றால் பெட்டோ ரேக்கோ.
சம தூரத்தில் நின்றால்
உள்ளே சுற்றுகிற ஏதோ ஒன்று.
ரேக் பினியனுக்குப் பதினைந்து பல்,
மாட்யூல் இரண்டு, பெருக்கு, பையாலும் பெருக்கு.
ஐ.டி.ஐ.யில் நான் தூங்கிய வகுப்பு
அத்திப்பட்டுக் கொசுக்கடியில்
ஒன்றரை மணிக்குத் திரும்பி வந்தது.

மரக்கட்டை முட்டுக் கொடுத்து ஏப்ரனை இறக்கினோம்.
டீ டிக்காஷன் நிறத்தில் எண்ணெய் கொட்டியது.
பட்டரவாக்கம் பக்கம் ஒரு கூட்ஸ்
போய்க்கொண்டே, போய்க்கொண்டே இருந்தது.
இரண்டு பல்லுக்கு நடுவே
எஃகுச் சுருள் ஒன்று நசுங்கித் தகடாகி
பல்லோடு பல்லாக உட்கார்ந்திருந்தது.
ஸ்க்ரைபரால் நெம்பியதும் தெறித்தது.
மூலை மடங்கிய பல்லுக்கு அரம் போட்டேன்.

அப்புறம்தான் உறைத்தது:
இந்த இறுக்கத்துக்கு
ஷியர் பின் முதல் தடவையே உடைந்திருக்க வேண்டும்.
உடைவதற்கென்றே வைத்தது அது.
தட்டி எடுத்தேன்.
பித்தளை இல்லை.
தலை வெட்டிய கான்கிரீட் ஆணி.

எந்த மடையன் வேலைடா இது.

செல்போன் டார்ச் கொஞ்சமும் ஆடவில்லை.
"நீங்கதான் அண்ணா.
அந்தப் பெரிய மழையில.
பித்தளை கடை மூடி இருந்திச்சி.
நாளைக்கு மாத்தலாம் சொன்னீங்க."

நாளைக்கு
என்று எத்தனை நாள் சொன்னேனோ.

ஏப்ரனை ஏற்றிவிட்டு, அதே லேத்தில்
பித்தளைக் கம்பி ஒன்றைக் கடித்துப் பிடித்து
கையாலேயே ஊட்டினேன், பொடிப்பொடியாக.
ஐந்து மில்லி. நடுவில் சன்னமாக ஒரு கழுத்து,
உடைய வேண்டியபோது உடைய.
உபரியாக இரண்டு.

ஃபீட் போட்டேன்.
முதல் கோட்டைச் சேடில் தாண்டியபோதும்
என் கை லீவருக்குப் போனது.
இரண்டாவதிலும். மூன்றாவதிலும்.
கோடுகளை யாரும் அழிக்கவில்லை.

ஆறுக்கு வண்டி வந்தது. இருபது முடிந்திருந்தது.
மேடம் நீல டிக் மட்டும் அனுப்பினார்.

ஏப்ரன் மூடியில் மார்க்கரால் எழுதினேன்:
இங்கே ஆணி போடாதே.
துஷ்மந்த் மார்க்கரை வாங்கி
கீழே ஒடியாவில் எழுதினான்.
அதேதான் அண்ணா என்றான்.
எனக்கென்னவோ
கொஞ்சம் நீளமாக இருந்தது.