உடன் இருப்பவர்

குடலிறக்கத்துக்கு ஸ்டான்லியில்
புதன்கிழமை படுக்கை கிடைத்தது.
படிவத்தில் ஒரு கட்டம்:
உடன் இருப்பவர்.
டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று
பேனாவைத் திருப்பிக் கொடுத்தேன்.

என் போனில் நூற்றுப் பதினான்கு பேர்.
கிளியரிங் ஏஜென்ட்.
கிரேன் ஆபரேட்டர் இரண்டு பேர், ஒருவர் இப்போது இல்லை.
ஷிப்ட் சூப்பர்வைசர் பழையவர்.
ஷிப்ட் சூப்பர்வைசர் புதியவர்,
அவரும் ரிடையர் ஆகிவிட்டார்.

முப்பத்தோரு வருஷம் துறைமுகத்தில்
ஒரு வாரம் பகல், ஒரு வாரம் ராத்திரி.
தெருவில் நல்லது நடந்தபோது தூங்கிக்கொண்டிருந்தேன்.
கெட்டது நடந்தபோது
கன்டெய்னர் எண்ணிக்கொண்டிருந்தேன்.
மொய் மட்டும் தவறாமல் என் பெயரில் போனது.
கவரைக் கொண்டுபோனது அமலோற்பவம்.

அவள் போய்ப் பதினோரு மாதம்.
அவள் போனுக்கு இன்னும் ரீசார்ஜ் செய்கிறேன்.
எதுக்குப்பா என்றாள் மகள்,
ஓசூரிலிருந்து, ஸ்பீக்கரில் போட்டு,
வெங்காயம் நறுக்கிக்கொண்டே.
ஓடிபி வரும் என்றேன்.

டீக்கடை பெஞ்சில் அதைத் திறந்தேன்.
மீன் சரளா.
மீன் சரளா மருமக.
கரண்ட் ஆபீஸ் தம்பி.
பாஷா மோட்டார்.
அண்டா வாடகை.
ரத்தம் ஓ நெகட்டிவ்.
கல்மண்டபம் பூ.
சண்டை போட்ட ஜெயக்கொடி.
யாருக்கும் இனிஷியல் இல்லை,
எதற்கு யார் என்பது மட்டும்.
என்னையும் தேடினேன்.
'அவரு டூட்டி' என்றிருந்தது.

ஜெயக்கொடியைத்தான் அழைத்தேன்.
ஏன் அவளை என்று தெரியாது.
சண்டை போடுமளவுக்கு
எனக்கு யாரோடும் பழக்கமில்லை,
அதனாலோ என்னவோ.

மணி அடித்து, அடித்து, எடுத்தாள்.
ஒன்றும் பேசவில்லை. அங்கே குக்கர் விசில்.
செத்தவள் நம்பர்,
நான் அதை யோசித்திருக்கவில்லை.
நான்தான், சவரிமுத்து என்றேன்.
'பயந்தே பூட்டேன். இன்னா விஷயம்?'

புதன்கிழமை ஆறு மணிக்கே வந்துவிட்டாள்,
ஒயர் கூடை, பிளாஸ்க், சுருட்டிய பாய்.
உறவுமுறை என்னம்மா என்றார் நர்ஸ்.
'இவரு சம்சாரத்தாண்ட
நாலு வருசமா நான் பேசலைங்க.'
நர்ஸ் நிமிர்ந்து பார்த்தார்.
சகோதரி என்று எழுதிக்கொண்டார்.

எதற்குச் சண்டை என்று கேட்டேன், ராத்திரி.
'அது எங்களுக்குள்ள' என்று
வராந்தாவில் பாயை விரிக்கப் போனாள்.
விடிவதற்குள் பக்கத்துப் படுக்கைக்காரனின் மனைவியோடு
மாவு மிஷின், மாமியார், மாத்திரை என்று
எங்கெங்கோ போயிருந்தது பேச்சு.
இதை எப்படிச் செய்கிறார்கள்,
எந்த இடத்தில் தொடங்குகிறார்கள்?

நான் அந்தப் பக்கம் திரும்பிப் படுத்து,
தையல் இழுக்க,
எந்த ஏரியா தம்பி என்றேன்.
'கிரேஸ் கார்டன், மூணாவது தெரு.'
நான் ரெண்டாவது தெரு.
'தெரியும் சார்,' என்றான்.
'அமலுக்கா வீடு.'