ஏசியை அணைத்த பின் பதினொரு நிமிடம்

முதலில் காரை வெளியேற்றினோம்.
பதினான்கு வயது நிசான் சன்னி,
அதற்கு வெயில் பழக்கமில்லை.
ஜூலையில் ஸ்டியரிங்கைத் துண்டு சுற்றித்தான் தொட முடிந்தது.
டாஷ்போர்டில் ஓடிய வெடிப்பை விரலால் அளந்து
"உங்க குரலுக்கு ஒரு சாண்" என்றாள் சபுரா.

என் குரல் உங்களுக்குத் தெரியும்.
செய்கூலி இல்லை, சேதாரம் இல்லை.
அனுப்பிய நொடியில் பணம் ஊர் போய்ச் சேரும்.
பத்துக் கிலோ அரிசிக்கு அப்பளம் இலவசம்.
அஜ்மானில் பாதிக் கடைகளின் தமிழ் நான்தான்.
அதே கடையில் வரிசையில் நின்று
தக்காளி எடை போடுகையில்
தலைக்கு மேல் நானே என்னைக் கூவி விற்பேன்,
யாரும் திரும்பிப் பார்த்ததில்லை.

சுவரில் ஓர் ஆணிகூட இறங்கக் கூடாது என்றார்
வில்லாவின் சொந்தக்காரர்.
ஆகவே அறைக்குள் ஓர் அறை,
எதன்மேலும் சாயாமல்
ரப்பர் கால்களில் நிற்கும் பெட்டி.
வெள்ளிக்கிழமைதோறும் மொயினுல் வந்தான்,
ராக்வூல் அரிப்புக்குப் பயந்து
அந்தப் புழுக்கத்திலும் முழுக்கைச் சட்டையோடு.
சத்தமும் தண்ணீரும் ஒரே ஜாதி பாய்,
ஊசி நுழையும் ஓட்டை போதும் என்று
தன் சில்ஹெட் இந்தியில் சொல்லிக்கொண்டே
ஜிப்சம் பலகைகளின் இடுக்கெல்லாம் சிலிகான் பிதுக்கி
சுண்டுவிரலால் நீவினான்,
மை இடுகிறவன் போல.

ஷட்டர் இருந்த இடத்தில் முன்னும் பின்னுமாய் இரண்டு கதவு.
இரண்டையும் சாத்தியதும்
சாலை போயிற்று.
ஷார்ஜாவுக்கு இறங்கும் சரக்கு விமானம் போயிற்று.
வெளியே நின்று சபுரா
குழம்புக் கரண்டியால் தட்டியதும் போயிற்று.
காதுக்குள் என் ரத்தம் நடமாடுவது மட்டும்
மிச்சம்.

ஆனால் சத்தம் நுழையாத வீட்டில்
சூடு வெளியேறாது.
ஏசி ஓடினால் மைக்கில் ஏசிதான் பேசும்.
அணைத்தால் பதினொரு நிமிடம்.
பன்னிரண்டாவதில் நெற்றித் துளி இறங்கி
தாளில் "இலவசம்" கரையும்.
பதிவு, நிறுத்து, ஏசி, ஆறவிடு,
மறுபடி பதிவு. முப்பது விநாடி விளம்பரத்துக்கு
மூன்று பனியன்.

எல்லாம் அடங்குவது இரவு ஒன்றரைக்கு.
அப்போதும் ஒன்று கேட்டது.
ஒலி என்று சொல்ல முடியாது,
ஒலியின் நிழல். என் வாக்கியங்களின் இடைவெளியில்
யாரோ புரண்டு படுப்பது போல.
மோட்டாரை அணைத்தேன். ஃப்ரிட்ஜை அணைத்தேன்,
மறந்துபோய்
இரண்டு கிலோ ஷேரி மீனைக் குப்பையில் கொட்டினோம்.
அது போகவில்லை.

வெறும் அறையைப் பதிந்து
கெயினை முழுக்க ஏற்றி
ஹெட்போனை இரண்டு கையாலும் அழுத்திக் கேட்டேன்.

பெண் குரல்.
பின்சுவருக்கு அப்பால் அடுத்த வில்லாவின்
பணிப்பெண் அறை.
அந்த எத்தியோப்பியப் பெண்ணைக்
குப்பைத் தொட்டியருகே பார்த்திருக்கிறேன்,
தரையைப் பார்த்தே நடப்பாள்.
இங்கே சிரித்துக்கொண்டிருந்தாள்.
தலையணைக்குள் முகம் புதைத்து
போனில் யாரிடமோ
ஏதோ பழித்துக் காட்டி, மூச்சு முட்டி,
மறுபடி முதலிலிருந்து சொல்லிச் சிரித்தாள்.
ஒரு சொல்லும் புரியவில்லை.
நாலு நிமிடம் கேட்டுவிட்டேன்.

பிறகுதான் கூசியது.
நான் கட்டியது காதா?

கோப்பை அழித்தேன்.
குப்பைக் கூடையிலிருந்தும் அழித்தேன்.

அடுத்த வெள்ளி அந்தச் சுவர்ப் பக்கம்
இன்னும் இரண்டு அடுக்குப் பலகை.
"போதாதா பாய்?" என்றான் மொயினுல்.
சத்தம், என்றேன்.
"உள்ளே வருவதா, வெளியே போவதா?"
ஸ்க்ரூ டப்பாவைத் திறந்து கொடுத்தேன்.

அறை ஒரு முழம் சிறுத்தது.
வெப்பம் சீக்கிரம் நிறைகிறது.
இப்போது ஒன்பது நிமிடம்தான்.
அப்பளத்தைக் கொஞ்சம் வேகமாகப் படிக்கிறேன்.