ஐம்பது கஜம்

பியோரியாவில் வியாழன் வரை ஐஸ் ஹாக்கி.
வெள்ளியன்று பனிமேல் பலகை,
பலகைமேல் பச்சைக் கம்பளம்.
பெயர் கால்பந்து, பிடிப்பது கையால்.
பாதி மைதானம்தான், ஐம்பது கஜம்;
மோதுகிறவனுக்காகச் சுவரில் மெத்தை.

லீக்கை நடத்தும் டெலோரஸ் விட்காம்ப்
முதல் வருடம் டிக்கெட் கிழித்தவள்.
பிறகு பல் டாக்டரிடமும்
சவப்பெட்டிக் கடையிலும் விளம்பரம் வாங்கினாள்.
பதினோரு அணிகளைத் தொடங்கினாள்.
மூடிப்போன நான்கின் சாவிகள்
இன்னும் அவள் மேசை இழுப்பறையில்.

கணக்கு எழுதுவது நான்.
ஆளுக்கு ஆட்டத்துக்கு இருநூறு டாலர்,
ஜெயித்தால் இன்னும் ஐம்பது.
கிடங்கில் இரவு வேலை பார்த்துவிட்டு வருகிறவர்கள்
கணுக்காலில் டேப் சுற்றும்போதே தூங்கிவிடுகிறார்கள்.

இன்று பாதி ஆட்டத்தில் ஃபோன்,
பெரிய லீக்கிலிருந்து.
திங்களன்றே டெஷான் ப்ரூ வேண்டுமாம்.
எங்களிடம் இருந்த ஒரே நல்ல கை.
"கூட்டிப்போங்கள்" என்றாள்.
விலை கேட்கவில்லை.
போய் நாச்சோஸ் வரிசையில் நின்றாள்.

வருட அறிக்கையில்
லாபம் எழுதும் இடத்தில்
போனவர்கள் பெயரை எழுதச் சொல்வாள்.
ஆடிட்டர் அடித்துத் திருப்பி அனுப்புவார்.
பத்தொன்பது வருடத்தில் ஏழு பெயர்.

எட்டாவதற்குப் பேனாவை எடுத்தேன்.
"ப்ரூவுக்கு எத்தனை எழுத்து,
அவனையே கேட்டு எழுது" என்றாள்,
வாயில் சிப்ஸோடு.