நேப்பிள்ஸுக்கு இடமில்லை

சமையலறை மேசையில் இத்தாலி
கால் நீட்டிப் படுத்திருக்கிறது.
மடிப்பு விழுந்த இடத்தில் பொலோன்யா கிழிந்திருக்கிறது.
பிஸ்கட் டின்னிலிருந்து பொத்தான்களை அள்ளிவந்து
ஊர்களின் மேல் வைக்கிறான் ஹார்ட்விக்.
கிழிசலை மறைக்க ஒரு கோட்டுப் பொத்தான்.
வெரோனாவுக்கு நீலம்.
வெனிஸுக்கு, வேறென்ன, சிப்பி.
ஃப்ளாரன்ஸ், ரோம், நேப்பிள்ஸ்,
போகிற போக்கில் ரவென்னா.

போகிற போக்கில் என்று ஒன்று கிடையாது.
இதை அவனுக்கு எப்படிச் சொல்ல?
நான் டிராம் ஓட்டுபவள்.
இருபத்திரண்டு வருடமாக நாலாம் எண்,
பிரேமனின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு.
ஒரு நிறுத்தத்தில் கதவு திறந்து மூட இருபது நொடி.
தள்ளுவண்டியில் குழந்தை வந்தால் முப்பது.
கூடுதல் பத்தை
அடுத்த பாலத்துக்குள் திருப்பிக் கொடுத்தாக வேண்டும்.

ஒன்பது பகல், ஏழு ஊர்.
டிசம்பரில் நாலரைக்கே இருட்டிவிடும்.
திங்கட்கிழமை ஃப்ளாரன்ஸில் ஓவியங்களுக்கு ஓய்வு.
இருபத்தைந்தாம் தேதி பாதி ரயில் ஓடாது.
வெனிஸில் கடல் தெருவுக்கு ஏறினால்
ரப்பர் காலணிக்கு எங்கே போவது?
"மழை பிடித்துக்கொண்டால்?" என்கிறேன்.
"பொலோன்யாவில் தெருவுக்குத் தெரு வளைவுக் கூரை,
குடையே வேண்டாம்" என்கிறான்
அங்கேயே பிறந்து வளர்ந்தவன் மாதிரி.
அவன் கடைசியாக ஊர் தாண்டியது
ஓல்டன்பர்கில் பல் பிடுங்க.

கிறிஸ்துமஸ் விடுப்பு
பிள்ளை உள்ளவர்களுக்கு முதலில்.
எழுதாத விதி. நியாயமானதும்கூட.
நவம்பரில் பணிப்பட்டியல் தொங்கும்போது
என் பெயரைத் தேடி நான் நின்றதே இல்லை.
இருபத்துநாலாம் தேதி இரவு, கடைசிச் சுற்று.
அது என்னுடையது.

யாரும் ஏறாத அந்த வண்டியில்
ஓர் ஆள் ஏறுவான்.
சீட்டு வாங்கி, முத்திரை குத்தி,
என் தடுப்புக்கு நேர் பின்னால் உட்கார்ந்து
ஃபிளாஸ்கைத் திறப்பான்.
வண்டி ஓடும்போது ஓட்டுநருடன் பேசாதீர்
என்ற பலகைக்கு மரியாதை கொடுத்து
கடைசி நிறுத்தம் வரை வாயே திறக்க மாட்டான்.
கிராம்பு வாசம் மட்டும்
தடுப்பைத் தாண்டி வரும்.

இந்த வருடம் என் பெயருக்கு நேரே
ஒரு வெற்றுக் கோடு.
தவறோ என்று போய்க் கேட்டேன்.
"முறை என்று ஒன்று இருக்கிறதே, அன்னெக்ரெட்"
என்றார் மேற்பார்வையாளர், தலை நிமிராமல்.
கழிவறைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டேன்.

ரவென்னாவை எடுத்தேன். பேசாமலிருந்தான்.
வெரோனாவை எடுத்தேன்.
"ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொள்ளலாம்" என்றான்.
நேப்பிள்ஸில் விரல் வைத்ததும்
மணிக்கட்டைப் பிடித்தான்.
"ஆக்கப் பொறுத்தோம், ஆறப் பொறுக்கக் கூடாதா?
அடுத்த வருடம்."
"அடுத்த வருடம்
பட்டியலில் யார் பெயரோ."

பதில் இல்லாததால் மடிக்கணினியைத் திறந்தேன்.
மியூனிக்கிலிருந்து மலை தாண்டும் ரயில்.
இரண்டு இருக்கை.
திரை கேட்கிறது: அருகருகா, எதிரெதிரா?

இத்தனை கிறிஸ்துமஸ் ஒரே வண்டியில் போயிருக்கிறோம்.
அவன் பார்த்ததெல்லாம்
என் பின்கழுத்து.

எதிரெதிர் என்று அழுத்தினேன்.
"ஒருவருக்கு வண்டி பின்னோக்கி ஓடுமே" என்றான்.
அது எனக்கு.
வருவதையே பார்த்துக்கொண்டிருந்தவள்,
போவது எப்படியிருக்கும் என்று பார்க்கிறேன்.

மேசையைத் துடைக்கும்போது எண்ணினேன்.
நேப்பிள்ஸைக் காணோம்.
அவன் சட்டைப்பையில் ஏதோ
உருண்டையாகத் துருத்திக்கொண்டிருந்தது.
கேட்கவில்லை.
விளக்கை அணைத்தேன்.
காலை நாலேகாலுக்கு முதல் வண்டி எடுக்க வேண்டும்.