இருபத்தேழாம் குழாய்

பாளையங்கால்வாயின் இடது கரையில்
குழாய்களை எண்ணும் வேலை எங்களுக்கு.
நாட்டு நலப்பணித் திட்டம், ஏழு நாள் முகாம்,
காலையில் உப்புமா, கையில் பெயின்ட் டப்பா.
துருவேறியது, பிளாஸ்டிக், உடைந்த சிமென்ட்,
ஆகாயத்தாமரைக்குள்ளிருந்து
மூக்கை மட்டும் நீட்டிக்கொண்டிருப்பது,
எதுவானாலும் வெள்ளை எனாமலில் ஒரு எண்.

பத்தாவது குழாய் வரைக்கும் குமட்டியது.
அப்புறம் பழகிவிட்டது; அதுதான் பயமாயிருந்தது.
கறுப்பு வெள்ளைத் தட்டைக் கயிற்றில் இறக்குவாள் இசக்கித்தாய்.
தட்டு கண்ணுக்கு மறையும் ஆழத்தைச்
சத்தமாகச் சொல்வான் ஷேக் மீரான்.
நான் எழுதுவேன்,
கெமிஸ்ட்ரி ரெக்கார்டுக்கு எழுதுகிற அதே கையெழுத்தில்.
ஒரு சாண். அரைச் சாண். நாலு விரல்.

மொத்தம் நாற்பத்தொன்று.
யார் வீட்டுது என்று கேட்டால்
தெரு முழுக்க ஒரே பதில்:
"எங்க வீட்டுல தொட்டி கெட்டியிருக்கு."

கேசரிப் பவுடர் மீரானின் யோசனை.
அவன் வாப்பா கல்யாண வீடுகளில் பிரியாணி ஆக்குகிறவர்.
ஒரு கரண்டி சிவப்பு, ஒரு வாளித் தண்ணீர்,
குளியலறையில் கொட்டு,
கரையில் ஒரு ஆள் நின்று பார்க்கட்டும்.
ஒரு கதவும் திறக்கவில்லை.
"எங்க வீட்டுலருந்து ஆரம்பிப்போம்" என்றேன்.
அதில் கொஞ்சம் மிதப்பும் இருந்தது, மறைப்பானேன்.
எங்கப்பா கொத்தனார்.
இந்தப் பக்கம் பாதித் தொட்டி அவர் கட்டியது.

கொட்டிவிட்டு போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றேன்.
நாலு நிமிஷம். "ஒண்ணும் வரல்ல."
எட்டு நிமிஷம். "இங்க ஒரு கொக்கு நிக்கி, அவ்வளவுதான்."
டீ போடலாமா என்று யோசித்தேன்.
பதினோராவது நிமிஷத்தில் இசக்கித்தாய்
"ஏட்டி" என்றாள்.
அதற்குமேல் பேச்சில்லை.
பிறகு மெதுவாக, "இருபத்தேழு."

ஓடிப்போய்ப் பார்த்தேன்.
பச்சைத் தண்ணீரில் ஒரு முழ அகலம்
சிவப்பு நெளிந்து போய்க்கொண்டிருந்தது.
கீழே துவைத்துக்கொண்டிருந்தவள்
சட்டென்று துணியைத் தூக்கிக்கொண்டாள்.
அழகாயிருக்கிறதே என்றுதான்
முதலில் எனக்குத் தோன்றியது.

முந்தாநாள் நான் எழுதிய எண் அது.
ஏழின் வால் வழிந்து கிடக்கிறது.
எழுதும்போது, "எந்தப் புண்ணியவாம்டே இது"
என்று சிரித்ததும் நான்தான்.

சாயங்காலம் அப்பா கரணையைக் கழுவிக்கொண்டிருந்தார்.
"தொட்டி கெட்டத்தான் தோண்டுனேன், நீ பெறந்த வருசம்.
நாலடியில ஊத்துத் தண்ணி.
பக்கத்துலயே கால்வாய் கெடக்கு.
ஒரு குழாய்தானன்னு..."
கரணை சுத்தமான பிறகும் கழுவிக்கொண்டிருந்தார்.
அந்தத் தண்ணீரும் அங்கேதான் போனது.

அறிக்கையில் வீட்டு எண் வேண்டாம்,
வம்பு வரும் என்றார் திட்ட அலுவலர்.
எங்கள் எண்ணை மட்டும் எழுதினேன்: 14/3.
மற்ற நாற்பது கட்டமும் காலி.

மறுநாள் எதிர்வீட்டுச் செய்யதம்மாள்
கதவை ஒருக்களித்துத் திறந்து
"எங்க வீட்டுலயும் ஊத்திப் பாரு.
யார்ட்டயும் சொல்லாத" என்றாள்.
முகாம் முடிகையில் ஒன்பது கட்டம் நிரம்பியிருந்தது.
எல்லாம் யாரிடமும் சொல்லக்கூடாதவை.

சான்றிதழில் என் பெயரில் ஒரு எழுத்துப் பிழை.
ஞாயிற்றுக்கிழமை அப்பா டேப்பை எடுத்து
குளியலறைத் தரையை அளந்தார்,
சுவரில் பென்சிலால் ஒரு கோடு போட்டார்,
இடுப்பு உயரத்தில்.
என்னவென்று நான் கேட்கவில்லை.

இப்போதும் குளிக்கிறேன், வேறென்ன செய்ய.
நுரை மூலைச் சல்லடையில் சுற்றி இறங்குகிறது.
தலை துவட்டி, சடை பின்னி,
பஸ்ஸுக்கு நிற்கும்போது
பதினோரு நிமிஷம் ஆகியிருக்கும்.
கொக்கு காலை மாற்றி வைத்திருக்கும்.