மார்கழி இருபத்துமூன்று

மெஸ் சுவரில் தேதி கிழிப்பது என் வேலை.
எழுத்துப் பழகட்டும் என்று கெம்பம்மா கொடுத்தது.
விடியும்வரை பொறுக்காமல் நேற்றிரவே கிழித்துவிட்டேன்.
மார்கழி இருபத்துமூன்று, புதன்.
ராகு காலம் பன்னிரண்டு முதல் ஒன்றரை.
மேஷத்துக்கு அலைச்சல், ரிஷபத்துக்கு வரவு.
எங்கள் கணக்கில் இது தஹ்சாஸ் இருபத்தொன்பது.
ஆண்டும் சில எண்கள் பின்னால்.
அந்தக் கணக்கில் நான்
இன்னும் பள்ளிச் சீருடையில் இருக்கிறேனோ என்னவோ.

"கிறிஸ்துமஸா? அது முடிஞ்சு பதிமூணு நாள் ஆச்சேம்மா"
என்றார் துறைத்தலைவர்.
லீவு இல்லை. அன்றுதான் ரெக்கார்டு நோட்டு வைக்க வேண்டும்.

அவர்களுடைய கிறிஸ்துமஸுக்குக் கேக் வெட்டினார்கள்.
முட்டை போட்ட கேக்.
என் துண்டை மடித்து நிவேதிதாவிடம் தந்தேன்.
எனக்கு நாற்பத்துமூன்று நாள்
பால் இல்லை, மோர் இல்லை, கறி இல்லை.
"மாலை போட்டிருக்கியா கண்ணு?"
ஆமாம் என்றேன்.
விளக்கிச் சொல்லும் அளவுக்குத் தமிழ் இல்லை என்னிடம்.
மறுநாளிலிருந்து எனக்குத் தனிக் கரண்டி.

பழையபேட்டை, திம்மராயன் மாவு மில்.
மூட்டைக்குள் கைவிட்டதும்
"தகுசா!" என்றது வாய்.
"ராகிம்மா."
"தகுசா!"
"ராகி!"
மெஷின் இரைச்சலில்
ஒன்றையே சொல்லி
இரண்டு பேரும் சண்டைக்காரர்கள்போல் கத்தினோம்.
"களிக்கா, கூழுக்கா?"
தோசைக்கு என்றேன். எங்கள் இன்ஜெராவுக்கு வேறென்ன பெயர் சொல்ல?
அரைத்துத் தந்துவிட்டுப் பெருமூச்சு விட்டார்:
"வீட்ல தினமும் அதான்."

மூன்று நாள் புளித்தது மாவு.
"செத்த எலி வாசனைடி, கொட்டிடு," நிவேதிதா.
கோழிக்கடையில் பன்னிரண்டு துண்டு கேட்டேன்.
பதினாறு வரும் என்றான் பையன்.
பன்னிரண்டு.
பெருசா இருக்குமேக்கா.
பன்னிரண்டு.
தலைவாசலில் பிடித்த பேய் என்று நினைத்திருப்பான்.

நாலரைக்குப் பெருமாள் கோவில் ஒலிபெருக்கி இருமத் தொடங்கியது.
ஐந்தரைக்கு அக்கா போன்.
தெப்ரே மார்க்கோஸில் மணி மூன்று, பூசை முடிகிறது.
திரை முழுக்க வெள்ளை வெள்ளையாய்ச் சனம்,
நடுவில் அவள் மூக்கு மட்டும்.
அம்மாவைக் காட்டத் திருப்பினாள்.
சிக்னல் போய்விட்டது.

நானும் வெள்ளைத் துணி போர்த்திக்கொண்டு
காலிமனையில் புல் அறுக்கப் போனேன்.
காப்பி வறுக்கும் இடத்தில் தரையில் பரப்ப வேண்டும்.
சையத் பாஷா மலை இன்னும் இருட்டாகத்தான் நின்றது.
எதிர்வீட்டு மாதம்மா
கோலத்தில் பதினோராவது புள்ளி வைக்கும்போது
நிமிர்ந்தார்.
வெள்ளைத் துணி. கையில் புல்.
கோலமாவுக் கிண்ணம் கவிழ்ந்தது.
"ஐயோ, யாரு கண்ணு தவறிட்டாங்க?"

யாரும் போகலைங்க.
பொறந்திருக்காரு.

"அப்பாடி. பையனா?"
ஆமாங்க.
"எத்தன கிலோ?"
தெரியலைங்க. மாட்டுக்கொட்டாய்ல
தராசு இல்லையாம்.

என் தமிழில்தான் ஏதோ தப்பு என்று நினைத்துக்கொண்டு
தலையாட்டினார்.
"தாய் நல்லாயிருக்காளா?"
அதை யாரும் இதுவரை என்னிடம் கேட்டதில்லை.
நல்லாயிருக்காங்க, என்றேன்.
"சாயந்திரம் சக்கரை கொண்டாந்து குடு."

முதல் இன்ஜெரா கல்லோடு ஒட்டிக்கொண்டது.
இரண்டாவது கிழிந்தது.
மூன்றாவதில் கண் கண்ணாய்த் திறந்து வந்தது.
எங்கள் ஊரில் அதன் பெயரும் கண்தான்.
போர்வையோடு வந்து உட்கார்ந்த நிவேதிதா வாயில்
குழம்பு வழிய ஒரு பெரிய கவளம் ஊட்டினேன்.
சின்னதாய் ஊட்டினால் எங்களில் மரியாதைக் குறைவு.
மெல்ல முடியாமல், துப்ப முடியாமல்,
கண்ணில் நீர் வர
கையால் காட்டினாள்:
இன்னொண்ணு.

ஒன்பதரைக்கு நோட்டை வைத்தேன்.
நாற்பத்தோராம் பக்கத்தில் சிவப்பெண்ணெய் விரல்.
"என்னம்மா இது?"
துறைத்தலைவர் கறையை முகர்ந்து பார்த்தார்.
பேனாவைத் திறந்தார்.
அதற்குப் பக்கத்திலேயே கையெழுத்துப் போட்டு
கீழே எழுதினார்
ஏழு, ஒன்று.