கீல்

முப்பத்து நாலாயிரத்து ஐந்நூறு.
குழுவில் அம்மா எடுத்த கடன் இருபதாயிரம்.
லீவில் இறால் கம்பெனியில் நான் நின்றது ஒன்பது.
மீதி, கொச்சியிலிருந்து பெர்ஜின் அண்ணன்
'இனி கேக்கப்பிடாது, கேட்டியா' என்று சொல்லி அனுப்பியது.

குறும்பனையிலிருந்து ஓசி பஸ்ஸில் போனோம்,
நானும் ரெஜிலாவும்.
எட்டு ஜிபி, பதினாறு ஜிபி, ஐ-த்ரீ, ரைசன்
என்று வழியெல்லாம் ஒப்பித்தாள்.
திங்கள்சந்தையில் யாரோ ஏற்றிய ஏத்தங்குலை
அவள் காலில் உட்காரும்வரை நிறுத்தவில்லை.

செட்டிகுளத்தில் கடை. ஏசி.
கண்ணாடி மேசையில் வரிசையாக வாய் பிளந்து கிடந்தன.
ஏலத்துக்கு வைத்த மீன்போல என்று சொல்லியிருப்பேன்.
ஆனால் மீனுக்குச் செவுளைத் தூக்கினால் தெரிந்துவிடும்.
இதற்கு எங்கே தூக்கிப் பார்ப்பது?

வெள்ளி நிறத்தில் ஒன்று, நோட்டுப் புத்தகக் கனம்.
'இத எடு பிள்ளே' என்று ரெஜிலா அதைத் தடவினாள்.
மூடியின் முதுகில் ஒரு விரல் வைத்து அழுத்தினேன்.
நெளிந்தது.
திரையில் குட்டைத் தண்ணீர் கலங்கியது.

எங்கள் வீட்டில் ஜன்னல் கம்பி மூன்று வருஷம் தாங்காது.
ஃபேன், பூட்டு, சைக்கிள் செயின்
எதற்குள்ளும் கேட்காமல் போகும் உப்பு.
அதைச் சொன்னேன் கடைப் பையனிடம்.
பெயர் அட்டையில் ஷிபின். ஊர் அருமனை.
'எங்களுக்கு உப்பில்ல, பூஞ்சை' என்றான்.
மழைக்காலத்தில் அவன் சர்டிபிகேட்டுகள் பூத்த கதையைச் சொன்னான்.
கொஞ்ச நேரம் வியாபாரத்தை விட்டுவிட்டு
ஒரே மாவட்டத்தின் இரண்டு நோய்களைப் பற்றிப் பேசினோம்.

பிறகு குனிந்து கீழ்த்தட்டிலிருந்து எடுத்தான்:
கறுப்பு, தடிமன், மினுக்கம் கிடையாது.
'இத யாரும் கேக்க மாட்டாவ.'
கவிழ்த்துக் காட்டினான். எட்டு ஸ்குரூ.
பேட்டரி மாற்றலாம், ராம் ஏற்றலாம்,
திறக்க சாதா ஸ்குரூடிரைவர் போதும்.
நிமிர்த்தி, ஒற்றை விரலால் மூடியைத் தூக்கினேன்.
அடிப்பாகம் மேசையைவிட்டு எழும்பவில்லை.
பாதியில் விரலை எடுத்தேன்.
விட்ட இடத்தில் நின்றது.

விலை முப்பத்தாறு.

அந்நேரம் பார்த்து கரண்ட் போனது.
வெள்ளி அழகி பத்து நொடி யோசித்து அணைந்தாள்.
சார்ஜ் ஏற்றாமல் வைத்திருப்பார்கள்,
அவள் குற்றமாக இராது.
இருந்தாலும் நான் பார்த்துவிட்டேன்.
எரிந்த நாலைந்தில் கறுப்பும் ஒன்று.
உள்ளே மேனேஜர் ஜெனரேட்டரைத் திட்டும் சத்தம்.

வாயால் கேட்க வெட்கமாக இருந்தது.
தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடித்தேன்:
ஆயிரத்தைந்நூறு குறையுமா?
திரையை அவன் பக்கம் திருப்பினேன்.
கீல் முனகவில்லை.
அவன் அடித்தான், நின்றபடியே, இரண்டு விரலால்:
பை வேண்டாம், ஆன்டிவைரஸ் வேண்டாம் என்றால் குறையும்.
கூடவே ஒரு வரி:
மவுஸும் கேட்காதே.

லைட் வந்ததும் இரண்டு பேரும்
அந்த வரிகளை அழிக்கப் பாய்ந்தோம்.

'சவப்பெட்டி நெறம்' என்றாள் ரெஜிலா.
பஸ் ஸ்டாண்ட்வரை என்னோடு பேசவில்லை.
வெளியே மழை. பை இல்லை.
என் மழைக்கோட்டைக் கழற்றி அட்டைப்பெட்டிக்குப் போட்டு
நான் நனைந்தேன்.

தோட்டியோடு தாண்டியதும் ரோடு குலுக்கியது.
பெட்டியின் மூலை விலாவில் குத்தியது.
பில்லை எடுத்து மறுபடி படித்தேன்.
வாரண்டி பன்னிரண்டு மாதம்.
குழுக் கடன் இருபது.
நடுவிலுள்ள எட்டு மாதம்
அந்தக் கீல்தான் தாங்கவேண்டும்.